போர்டு போய்விட்டது என்று சொல்வதற்கு முன்: யுஎஸ்பி வழியாக பூட் இமேஜ் ஏற்றுவது

குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் சிலவற்றில் கொழுந்து வாட்டும் தொட்டியின் ஈரப்பதம், டிரையரின் வெப்பம், எடை மேடையின் கணக்கு எல்லாவற்றையும் வாங்கி அனுப்ப ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி சுவரில் மாட்டியிருக்கும். கரண்ட் போய் வந்த பிறகு அது எழவில்லை என்றால் உடனே வரும் வார்த்தை, "போர்டு போயிடுச்சு சார்". பெரும்பாலும் போயிருக்காது. உள்ளே இருக்கும் பூட் இமேஜ், அதாவது பெட்டியை எழுப்பும் மென்பொருள் தொகுப்பு, கெட்டிருக்கும், அவ்வளவுதான். போர்டைக் கழற்றி கோயம்புத்தூருக்கு இறக்குவதற்கு முன் ஒரு யுஎஸ்பி கேபிளும் ஒரு லேப்டாப்பும் போதும்.

முன்பு எஸ்டி கார்டு வைத்த போர்டுகள்தான் அதிகம். கார்டைப் பிடுங்கி வேறொன்றைச் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் தொழிற்சாலையில் பறக்கும் தேயிலைப் பஞ்சும், மழைக்காலம் முழுக்க விலகாத ஈரமும் கார்டு ஸ்லாட்டுக்கு ஆகாது. காண்டாக்ட் கறுத்து, கார்டு சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. அதனால் போர்டிலேயே பற்றவைத்த இஎம்எம்சி நினைவகத்துக்கு மாறுவதே சரி. இதில் ஒரே சிக்கல், இஎம்எம்சியைக் கையால் எடுத்து மாற்ற முடியாது. உள்ளே இருப்பது கெட்டால் வெளியிலிருந்து எழுதத்தான் வேண்டும். அந்த வழிதான் யுஎஸ்பி.

இதில் தடுமாறுகிறவர்கள் கட்டளை தெரியாமல் தடுமாறுவதில்லை. கட்டளை எங்கும் கிடைக்கும். வேலை எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்க்காமல் அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப அடிப்பதுதான் நேரத்தைத் தின்கிறது.

போர்டு எழுவதில் கட்டங்கள் மொத்தம் மூன்று. சிப்புக்குள்ளேயே, தயாரிக்கும்போதே பதித்த ஒரு சிறு நிரல் இருக்கிறது. அதை பூட் ரோம் என்பார்கள். அதை அழிக்க யாராலும் முடியாது. இஎம்எம்சியில் எழுப்பத்தக்க எதுவும் கிடைக்காவிட்டாலோ, குறிப்பிட்ட ஒரு பின்னை கிரவுண்டோடு இணைத்தாலோ, அது யுஎஸ்பி பக்கம் காதைத் திருப்பும். முதல் கட்டம் இது. இந்த நேரத்தில் சிப்புக்கு வெளியே உள்ள டிடிஆர் ரேம், அதாவது பெரிய வேலை நினைவகம், இன்னும் உயிர் பெறவில்லை. சிப்புக்குள் இருக்கும் சில பத்து அல்லது நூற்றுச் சொச்சம் கிலோபைட் எஸ்ரேம் என்ற சிறு நினைவகம் மட்டும்தான் இடம். அதற்குள் அடங்கும் ஒரு சின்னக் கோப்பைத்தான் ரோம் வாங்கிக்கொள்ளும். அதுதான் எஸ்பிஎல், லினக்ஸை எழுப்பும் பூட்லோடரின் முதல் துண்டு. இரண்டாம் கட்டத்தில் எஸ்பிஎல் ஓடி டிடிஆரைத் தயார் செய்கிறது. மூன்றாம் கட்டத்தில் யு-பூட் என்ற முழு பூட்லோடரோ ஒரு குட்டி லினக்ஸோ டிடிஆரில் ஏறி, இஎம்எம்சியை உங்கள் லேப்டாப்புக்கு ஒரு பென்டிரைவ் போலக் காட்டுகிறது.

ஒவ்வொரு கட்டம் மாறும்போதும் யுஎஸ்பி சாதனம் ஒருமுறை மறைந்து, பெரும்பாலும் வேறு அடையாள எண்ணோடு திரும்பி வரும். இதை நேரில் பார்க்க ஒரு டெர்மினலில், கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜ் கட்டளையை -டபிள்யூ ஆப்ஷனோடு ஓடவிட்டுக் கண் முன்னே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திரைதான் நோயாளியின் நாடி.

எதுவுமே வரவில்லையா? கேபிள், ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சிறு தொப்பி), பவர், தப்பான போர்ட் இந்த நான்கில் ஒன்று. சாதனம் தலைகாட்டுகிறது, ஆனால் "டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்" என்று தொடங்கி மைனஸ் 71 அல்லது மைனஸ் 110 பிழை வருகிறதா? மின்சாரமோ சிக்னலோ தள்ளாடுகிறது. மென்பொருளைத் தொடாதீர்கள், கேபிளையும் போர்ட்டையும் மாற்றுங்கள். முதல் கோப்பு ஒழுங்காகப் போனது, சாதனம் மறைந்தது, திரும்ப வரவேயில்லையா? எஸ்பிஎல் கட்டத்தில் செத்திருக்கிறது. அந்தப் போர்டின் டிடிஆருக்குப் பொருந்தாத எஸ்பிஎல்லாக இருக்கலாம். டிடிஆர் எழும் நொடியில் சப்ளை வோல்டேஜ் சரிந்திருக்கலாம். மூன்று முறையும் வந்தது, டிஸ்க் மட்டும் தெரியவில்லை என்றால் இஎம்எம்சி பக்கம் போங்கள். பல போர்டுகளில் எம்எம்சி 0 என்பது எஸ்டி கார்டு, எம்எம்சி 1 என்பது இஎம்எம்சி. எண்ணை மாற்றிப் பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. ஊட்டி மார்க்கெட்டில் ஆனாலும் ஆன்லைனில் ஆனாலும் மலிவாக வரும் மைக்ரோ யுஎஸ்பி கேபிள்களில் கணிசமானவை சார்ஜுக்கு மட்டும். உள்ளே இரண்டு டேட்டா கம்பியே கிடையாது. போனில் செருகி, கோப்பு மாற்றும் ஆப்ஷன் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் அந்தக் கேபிளில் ஒரு நிற டேப்பைச் சுற்றித் தனியாக வையுங்கள். நீளம் 1 மீட்டருக்குள் இருப்பது நல்லது. மைக்ரோ யுஎஸ்பி ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். தேயிலைப் பஞ்சு உள்ளே போய், ஒவ்வொரு முறை பிளக்கைச் செருகும்போதும் இறுகி, அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு மெத்தையாகப் படிந்திருக்கும். பிளக் முழுக்க இறங்கியது போலத் தெரியும், ஆனால் நுனி தொட்டிருக்காது. மரப் பல்குச்சியால் கிளறி எடுத்துவிட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டால் போதும். ஊசி வேண்டாம், நடுவில் உள்ள நாக்கு உடைந்துவிடும்.

இனி குறிப்பிட்ட போர்டுகள்.

ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூல் 4 இந்த ஊர்ப் பெட்டிகளுக்குப் பொருத்தமான ஒன்று. அதன் அதிகாரபூர்வ ஐஓ போர்டில் ஜே2 என்ற பின் வரிசை இருக்கிறது. அதில் "டிஸேபிள் இஎம்எம்சி பூட்" என்று அச்சிட்ட இரண்டு பின்களில் ஒரு ஜம்பர் தொப்பியைப் போடுங்கள். மாட்யூலைத் தாங்கும் கேரியர் போர்டு சொந்தமாகச் செய்தது என்றால், மாட்யூல் கனெக்டரின் 93ஆம் பின்னை கிரவுண்டோடு இணைப்பதும் இதுவும் ஒன்றே. அடுத்து மைக்ரோ யுஎஸ்பியை லேப்டாப்பில் செருகுங்கள். கடைசியாக 12 வோல்ட் பவரைக் கொடுங்கள். மைக்ரோ யுஎஸ்பி இந்தப் போர்டுக்கு மின்சாரம் தராது, தரவு மட்டும்தான். கேபிளைச் செருகிவிட்டு "ஏன் ஒன்றும் நடக்கவில்லை" என்று காத்திருப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

யுஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையின் பட்டியலில் 0ஏ5சி:2711 என்ற எண் தெரிந்தால் ரோம் காத்திருக்கிறது என்று பொருள். மாட்யூல் 3 என்றால் 2764 வரும். இப்போது ராஸ்பெரி பை தரும் ஆர்பிஐபூட் நிரலை ரூட் அனுமதியோடு, -டி ஆப்ஷனில் மாஸ்-ஸ்டோரேஜ்-கேட்ஜெட்64 என்ற ஃபோல்டரைக் காட்டி ஓட்டுங்கள். சில நொடிகளில் இஎம்எம்சி ஒரு டிஸ்க்காக வந்து நிற்கும். உபுண்டு ரெப்போவில் வரும் பழைய ஆர்பிஐபூட்டை நம்பவேண்டாம். ராஸ்பெரி பை நிறுவனத்தின் யுஎஸ்பிபூட் களஞ்சியத்தை சப்மாட்யூல்களோடு இறக்கி, லிப்யுஎஸ்பி 1.0 டெவலப்மென்ட் பேக்கேஜையும் பிகேஜி-கான்ஃபிகையும் போட்டு, மேக் அடித்தால் நிமிடத்தில் தயார். சப்மாட்யூல் இல்லாமல் இறக்கினால் தேவையான கோப்பு இல்லை என்று பாதியில் நிற்கும்.

எழுதும் முன், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை, பெட்டியைச் செருகுவதற்கு முன்னும் பின்னும் அடித்துப் பாருங்கள். புதிதாக வந்ததுதான் இஎம்எம்சி. 8 ஜிபி மாட்யூல் 7.3 என்ற அளவில் தெரியும். டெஸ்க்டாப் லினக்ஸ் பழைய பார்ட்டிஷன்களைத் தானாக மவுன்ட் செய்திருக்கும், அவற்றை முதலில் அன்மவுன்ட் செய்யுங்கள். எழுதுவது முழு டிஸ்க்குக்கு, உதாரணமாக எஸ்டிபிக்கு, அதன் பார்ட்டிஷனான எஸ்டிபி1க்கு இல்லை. எக்ஸ்இசட் சுருக்கக் கோப்பை எக்ஸ்இசட்கேட் வழியாக விரித்து அப்படியே, டிஸ்க்கில் எழுதும் டிடி கட்டளைக்கு அனுப்பலாம். பிஎஸ் 4எம், கான்வ் எஃப்ஸிங்க் என்ற இரண்டையும் சேர்க்கவேண்டும். எஃப்ஸிங்க் இல்லாவிட்டால் டிடி முடிந்துவிட்டதாகச் சொல்லும், ஆனால் மிச்சம் இன்னும் லேப்டாப்பின் நினைவகத்திலேயே இருக்கும். அந்த நேரத்தில் கேபிளைப் பிடுங்கினால் பாதி இமேஜ்தான். வினாடிக்கு 20 எம்பி வேகம் கிடைத்தால் 4 ஜிபி இமேஜுக்கு மூன்றரை நிமிடம் பிடிக்கும். யோக்டோ என்ற லினக்ஸ் கட்டும் கருவித்தொகுப்பில் கட்டிய இமேஜ் என்றால் கூடவே, எந்த இடங்களில் தரவு இருக்கிறது என்று சொல்லும் பிமேப் கோப்பும் கிடைக்கலாம். பிமேப்டூல் வெற்று இடங்களை எழுதாமல் தாண்டிப்போகும், எழுதுவதைச் சரிபார்க்கவும் செய்யும். கிடைத்தால் டிடியை விட அதுவே மேல்.

மாட்யூல் 4இல் இரண்டு விஷயம் பலரைச் சுற்றவிடும். ஒன்று, பூட்லோடர் இஎம்எம்சியில் இல்லை, எஸ்பிஐ ஈப்ராம் என்ற தனிச் சிறு நினைவகச் சிப்பில் இருக்கிறது. அதைப் புதுப்பிக்க ஆர்பிஐபூட்டை ரெக்கவரி ஃபோல்டரோடு ஓட்டவேண்டும். முடிந்ததும் பச்சை விளக்கு வேகமாக மின்னும், ஹெச்டிஎம்ஐ மாட்டியிருந்தால் திரை பச்சையாகும். நடுவில் கரண்ட் போனாலும் பயமில்லை. ஈப்ராம் காலியாகக் கிடந்தாலும் ரோம் யுஎஸ்பியில் காத்திருக்கும், மறுபடி ஓட்டலாம். இரண்டாவது, புது இமேஜ் ஏற்றியபின் யுஎஸ்பி போர்ட்டுகளில் மாட்டிய மோடமோ கீபோர்டோ தெரியவில்லை என்பது. மின்சாரத்தை மிச்சப்படுத்த யுஎஸ்பி 2 இணைப்பு இந்த மாட்யூலில் அணைந்தே வரும். கான்ஃபிக் டெக்ஸ்ட் கோப்பில் டிடபிள்யுசி2 ஓவர்லே என்ற அமைப்பு வரியை ஹோஸ்ட் முறையில் சேர்த்தால் விழித்துக்கொள்ளும். ஹார்டுவேர் குறை என்று ஹப்பைக் கழற்றிப் போடவேண்டாம்.

பீகிள்போன் பிளாக், அதாவது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் (டிஐ) ஏஎம்335எக்ஸ் சிப், வேறு தினுசு. இதன் ரோம் யுஎஸ்பியில் டிஸ்க்காகவோ தனிச் சாதனமாகவோ வருவதில்லை. ஒரு நெட்வொர்க் கார்டாக வருகிறது. 0451:6141 என்ற எண்ணோடு ஆர்என்டிஐஎஸ் (யுஎஸ்பி வழி நெட்வொர்க்) இடைமுகம் ஒன்று முளைக்கும். ரோம் அதன் வழியே பூட்பி நெறிமுறை மூலம் ஐபி முகவரி கேட்கும், டிஎஃப்டிபி நெறிமுறை மூலம் கோப்பை இழுக்கும். ஆக லேப்டாப் ஒரு சிறு சர்வராக மாறவேண்டும். டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு சர்வர் நிரல் ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கும்.

நடைமுறை இப்படி. எஸ்டி கார்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். எஸ்2 பட்டனை அழுத்திப் பிடித்தபடி மினி யுஎஸ்பியைச் செருகுங்கள், பிறகு விடுங்கள். அழுத்தினால் ரோம் தேடும் வரிசை எஸ்பிஐ, எஸ்டி கார்டு, யுஎஸ்பி, சீரியல். அழுத்தாவிட்டால் இஎம்எம்சி, எஸ்டி கார்டு, சீரியல், யுஎஸ்பி. அதனால்தான் இஎம்எம்சி வெறுமையாக இருந்தும் பட்டனை மறந்தால் சீரியலில் சி, சி, சி என்று எழுத்து வரிசையாக வந்துகொண்டிருக்கும், யுஎஸ்பி தாமதமாகத்தான் வரும். இன்னொன்று, இந்த வரிசை மின்சாரம் ஏறும் நொடியில் மட்டுமே படிக்கப்படுகிறது. ரீசெட் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் மாறாது. பவரை முழுக்க எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுக்கவேண்டும்.

கோப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எஸ்டி கார்டுக்குப் போகும் எம்எல்ஓ (ஹெட்டர் ஒட்டிய எஸ்பிஎல்) கோப்பைக் கொடுத்தால் இந்த வழியில் வேலை செய்யாது. எம்எல்ஓவின் தலையில் ஒட்டியிருக்கும் ஹெட்டர் நெட்வொர்க் வழி பூட்டுக்கு ஆகாது. அதே கம்பைலில் கிடைக்கும் யு-பூட்-எஸ்பிஎல் டாட் பின் என்ற தலையில்லாத கோப்புதான் வேண்டும். அந்த எஸ்பிஎல்லும் யுஎஸ்பி ஈதர்நெட் ஆதரவோடு கட்டப்பட்டிருக்கவேண்டும். இல்லையென்றால் அது எழுந்து இஎம்எம்சியில் தேடிவிட்டு நின்றுவிடும். ரோம் தன்னை "ஏஎம்335எக்ஸ் ரோம்" என்றும், எஸ்பிஎல் தன்னை "ஏஎம்335எக்ஸ் யு-பூட் எஸ்பிஎல்" என்றும் ஐபி கேட்கும் டிஹெச்சிபி செய்தியின் வென்டர் கிளாஸ் புலத்தில் அறிமுகம் செய்துகொள்ளும். டிஎன்எஸ்மாஸ்க்கில் இந்த இரண்டு பெயருக்கும் தனித்தனிக் கோப்பை ஒதுக்கிவிட்டால், முதல் தடவை எஸ்பிஎல்லும் இரண்டாம் தடவை யு-பூட் இமேஜும் தானாகப் போகும்.

லேப்டாப் பக்கம் தடுப்பது பெரும்பாலும் லினக்ஸின் நெட்வொர்க்மேனேஜர் நிரல். புது இடைமுகம் வந்ததும் அது தானே ஐபி தேடக் கிளம்பி, நீங்கள் கொடுத்த நிலையான முகவரியைத் துடைத்துவிடும். அந்த இடைமுகத்தை அதன் நிர்வாகத்திலிருந்து விலக்குங்கள். ரோமிலிருந்து எஸ்பிஎல்லுக்கு மாறும்போது இடைமுகத்தின் பெயரும் மாறக்கூடும், இரண்டுக்கும் விலக்கு கொடுங்கள். ஃபயர்வாலில் யுடிபி 67, 69 இரண்டும் திறந்திருக்கட்டும்.

சீரியல் கன்சோல், அதாவது போர்டின் செய்திகளை எழுத்தாகக் காட்டும் கம்பி இணைப்பு, இல்லாமல் இந்தப் போர்டில் இறங்கவேண்டாம். 3.3 வோல்ட் யுஎஸ்பி-டிடிஎல் அடாப்டர், வேகம் 115200. ஜே1 வரிசையில் 1ஆம் பின் கிரவுண்ட், 4ஆம் பின் போர்டின் ஆர்எக்ஸ் (வாங்குவது), 5ஆம் பின் டிஎக்ஸ் (அனுப்புவது). சிவப்பு விசிசி (பவர்) கம்பியைத் தொங்கவிட்டுவிடுங்கள், மாட்டவே கூடாது. 5 வோல்ட் சிக்னல் தரும் அடாப்டரை மாட்டவேண்டாம்.

மற்ற சிப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. ஆல்வின்னரில் இந்த முறைக்கு ஃபெல் என்று பெயர், கருவி சன்க்ஸி-ஃபெல். எழுப்ப எதுவும் இல்லாவிட்டால் தானாகவே ஃபெல்லுக்கு வந்துவிடும் என்பதால் ஆரஞ்ச் பை மாதிரிப் போர்டுகளில் கார்டை எடுத்தாலே பல நேரம் போதும். வேகம் குறைவு, ஆகவே ஃபெல் வழியாக யு-பூட்டை மட்டும் ஏற்றி, பிறகு யு-பூட்டின் யுஎம்எஸ் கட்டளையில் டிஸ்க்கைத் திறந்து எழுதுவதுதான் புத்திசாலித்தனம். என்எக்ஸ்பியின் ஐ.எம்எக்ஸ் வகைக்கு யுயுயு என்ற கருவி. எஸ்டிமைக்ரோ நிறுவனத்தின் எஸ்டிஎம்32எம்பி1 டிஎஃப்யு என்ற யுஎஸ்பி முறையில் பேசும். ராக்சிப்பில் மாஸ்க்ரோம் முறை, கருவி ஆர்கேடெவலப்டூல். இதில் எழுதும் இடத்தைச் சொல்வது பைட்டில் இல்லை, 512 பைட் செக்டரில். 64ஆம் செக்டர் என்பதை 64ஆம் கிலோபைட் என்று எடுத்துக்கொண்டால் போர்டு எழாது. பல வகைச் சிப்புகளைப் பராமரிப்பவர்களுக்கு பூட்லின் நிறுவனம் வெளியிட்ட ஸ்னாக்பூட் கருவி கைகொடுக்கும். ஒவ்வொரு கம்பெனிக் கருவிக்கும் ஒரு தனி அகராதியைப் படிக்கும் வேலை மிச்சம்.

இமேஜ் சரியாக எழுதியாயிற்று, சரிபார்த்தும் ஆயிற்று, ஆனாலும் பழைய யு-பூட்தான் வருகிறது என்ற புகார் அடிக்கடி கேட்கும். காரணம் இஎம்எம்சியின் உள்கட்டமைப்பு. அதில் பொதுவான பகுதி ஒன்று, அதோடு பூட்0, பூட்1 என்று இரண்டு தனி வன்பொருள் பகுதிகள். யுஎம்எஸ்ஸில் பொதுப் பகுதியை மட்டும் திறந்து நீங்கள் எழுதியிருப்பீர்கள். போர்டு பூட்0இலிருந்து எழும்படி அமைக்கப்பட்டிருந்தால் அங்கே இருக்கும் கெட்ட பூட்லோடரை யாரும் தொடவேயில்லை. யு-பூட்டில் எம்எம்சி பார்ட்கான்ஃப் கட்டளையால் எந்தப் பகுதி பூட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். லினக்ஸிலிருந்து பூட்0இல் எழுதுவதானால் அது வழக்கமாக எழுத்துத் தடையோடு இருக்கும். சிஸ் ஃபோல்டரில் அந்தப் பகுதிக்குள் உள்ள ஃபோர்ஸ்_ஆர்ஓ கோப்பில் 0 எழுதினால் தடை விலகும். ஐ.எம்எக்ஸ்8எம் மினியில் பூட்லோடர் 33ஆவது கிலோபைட்டில் தொடங்கவேண்டும், 8எம் பிளஸ்ஸில் பொதுப் பகுதி என்றால் 32ஆவதில். ஒரே ஒரு கிலோபைட் வித்தியாசம். பழைய ஸ்கிரிப்ட்டை அப்படியே புதுப் போர்டுக்கு ஓட்டுபவர்கள் இங்கேதான் அரைநாளை விடுவார்கள்.

விர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்து இதைச் செய்யவேண்டாம் என்பது என் கருத்து. கட்டம் மாறும்போது அடையாள எண் மாறுவதால், இரண்டாம் சாதனம் ஹோஸ்ட் கணினியிலேயே நின்றுவிடும். செய்தே ஆகவேண்டும் என்றால் எல்லா எண்ணுக்கும் ஃபில்டர் போடுங்கள். இதைவிட, லினக்ஸ் ஏற்றிய ஒரு பழைய லேப்டாப்பை இதற்கென்றே வைப்பது எளிது. அதில் சாதன அனுமதிகளைச் சொல்லும் யூடெவ் விதிகளையும் ஒருமுறை எழுதிவிட்டால் ரூட் அனுமதித் தொல்லை இல்லை. யுஎஸ்பி 3 போர்ட்டில் அடம்பிடிக்கும் ரோம்கள், தனிப் பவர் உள்ள யுஎஸ்பி 2 ஹப் வழியாகப் போனால் பல சமயம் பணிந்துவிடும். பையில் அப்படி ஒரு ஹப் இருக்கட்டும்.

மலைக்குரிய விஷயங்கள் சில. பள்ளத்தாக்கில் இருக்கும் எஸ்டேட்டுக்குப் போய் ஒரு ஜிபி இமேஜை இறக்கலாம் என்று கிளம்பாதீர்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் டவர் இருந்தாலும் டேட்டா நகராது. வடகிழக்குப் பருவத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் பொருள் வாங்கி வருவதும் நடக்காது. இமேஜ், அதன் எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்புக் கோப்பு, எஸ்பிஎல், யு-பூட், கருவிகளின் மூலநிரல், தேவையான டெப் பேக்கேஜ்கள் எல்லாம் இரண்டு பென்டிரைவில் இருக்கவேண்டும். ஊரிலேயே நெட்டை அணைத்துவிட்டு, ஒரு போர்டில் முழு வேலையையும் ஒத்திகை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். என்ன விடுபட்டது என்று அப்போதுதான் தெரியும்.

தொழிற்சாலையில் எர்த் எப்படி இருக்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். பெட்டி மோட்டார் பேனலின் எர்த்தோடு சேர்ந்திருக்கும், உங்கள் லேப்டாப் சார்ஜரோ வேறு லைனில் இருக்கும். இரண்டையும் யுஎஸ்பி கேபிளால் சேர்த்தால் வித்தியாச வோல்டேஜ் அந்த மெல்லிய கம்பி வழியாகத்தான் ஓடும். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். ஆர்எஸ்-485 தரவுக் கம்பிகளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், முடிந்ததும் ஏ, பி மாறாமல் மாட்டுங்கள். குளிர்காலக் காலையில் ஜீப்பில் வந்த மாற்றுப் போர்டை நேராக டிரையர் அறைக்குள் கொண்டுபோய்க் கவரைப் பிரிக்காதீர்கள். சில்லிட்ட போர்டின் மேல் நீர் பூத்துவிடும். கவரோடு அறையில் அரை மணி நேரம் கிடக்கட்டும், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்து மின்சாரம் கொடுக்கலாம்.

பெட்டியை மூடும் முன் ஜம்பர் தொப்பியைக் கழற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். இமேஜ் எழுதியதும் ஜம்பரோடு விட்டுவிட்டால் அடுத்த தடவை பவர் வரும்போது போர்டு இஎம்எம்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் யுஎஸ்பியில் யாரோ வருவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கும். யுஎஸ்பி கேபிளையும் எடுத்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து, பத்து நொடி விட்டுப் போடுங்கள். மென்பொருள் ரீபூட்டை வைத்துத் திருப்தி அடையவேண்டாம், ஈபி கரண்ட் போய் வருவதற்குச் சமமானது மெயின் சுவிட்ச் மட்டும்தான். இரண்டு தடவை அப்படி எழுந்து தொட்டியின் அளவீடு மறுபடி வரத் தொடங்கினால், கழற்றிய ஜம்பரை ஒரு டேப்பில் சுற்றிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி, பக்கத்திலேயே போர்டின் பெயரையும் இமேஜ் பதிப்பையும் தேதியையும் மார்க்கரில் எழுதிவிடுங்கள்.